கோலாலம்பூர் வெயிலில் வீட்டுச் சாக்லேட்: தீபாவளிப் பரிசுக்குக் குடும்பமாகச் செய்ய முழு வழிகாட்டி

தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வீட்டுக்கும் போகும். அதோடு நம் வீட்டில் செய்த சாக்லேட் பார் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவர்களின் முகம் மலர்ந்துவிடும், அதுவும் பிள்ளைகளே சுற்றிப் பெயர் எழுதியது என்றால் கேட்கவே வேண்டாம். செய்முறை ஒன்றும் கஷ்டமில்லை, கஷ்டம் நம்ம ஊர் வானிலைதான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. "அறை வெப்பநிலையில் ஆற விடுங்கள்" என்று அவர்கள் எழுதும்போது அந்த அறை 20 டிகிரியில் இருக்கிறது. செந்தூலிலோ கிள்ளானிலோ மத்தியான நேரத்தில் நம் சமையலறை 32 டிகிரியைத் தொட்டுவிடும், நல்ல சாக்லேட் உருகுவதோ 34 டிகிரிக்குப் பக்கத்தில். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் சாக்லேட் இறுகவே இறுகாது, இறுகினாலும் மறுநாள் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியை நம்ம ஊர் வெப்பத்தையும் ஈரக் காற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

எந்தச் சாக்லேட் வாங்குவது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கொக்கோ கொட்டையை வறுத்து அரைப்பதிலிருந்து தொடங்கும் வேலை இது இல்லை. நல்ல சாக்லேட்டை வாங்கி, உருக்கி, பதம் பார்த்து (சூட்டை அளவாக இறக்கி ஏற்றி, பளபளப்பாக இறுக வைப்பது), நமக்குப் பிடித்ததைச் சேர்த்து, நம் அச்சில் வார்க்கிறோம். கொக்கோத் தூளோடு தேங்காய் எண்ணெய் சேர்த்துச் செய்யும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்த சில நிமிடத்தில் கையில் வழியும் ஒன்றைப் பரிசாகக் கொடுக்க முடியாது. மேலும் சர்க்கரையும் கொக்கோவும் நாக்குக்குத் தெரியாத அளவுக்கு நைஸாக வேண்டுமென்றால் கல்லில் மணிக்கணக்காக அரைபட வேண்டும். இதில் நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு, கோயம்புத்தூரில் இட்லி மாவுக்காகச் செய்யப்பட்ட மேசைக் கிரைண்டரைத்தான் உலகத்தின் பல மூலைகளிலும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் கொக்கோ அரைக்க எடுத்துக்கொண்டார்கள். அதற்காக வீட்டுக் கிரைண்டரில் முயற்சி செய்ய வேண்டாம். மாவரைக்க வாங்கியது அவ்வளவு நேரம் இடைவிடாமல் ஓடத் தாங்காது.

சரி, கடையில் எதைப் பார்த்து எடுப்பது? பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில், பேக் வித் யென் மாதிரி இடங்களில், ஒரே அலமாரியில் இரண்டு வகை இருக்கும். ஒன்று கொக்கோ வெண்ணெய், அதாவது கொக்கோ கொட்டையின் சொந்தக் கொழுப்பு, உள்ள அசல் சாக்லேட், கூவர்ச்சர் என்று எழுதியிருப்பதும் இந்த வகைதான். இன்னொன்று காம்பவுண்ட், இதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு இருக்கும். பெரில்ஸ், வான் ஹூட்டன் போன்ற பெயர்களில் இரண்டு வகையும் கிடைப்பதால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், பையைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். மலாயில் லெமாக் கோக்கோ அல்லது மெந்தேகா கோக்கோ என்று இருந்தால் அது கொக்கோ வெண்ணெய். லெமாக் சாயூரான், மிஞாக் இசிரோங் சாவிட் என்று இருந்தால் அது காம்பவுண்ட்.

காம்பவுண்டுக்குப் பதம் பார்க்கும் வேலையே இல்லை, உருக்கி ஊற்றினால் இறுகிவிடும். ஏர்கோன் இல்லாத வீட்டிலும், ரொம்பச் சின்னப் பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்யும்போதும் அதுவே போதும். ஆனால் வாயில் போட்டால் மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டும், கொக்கோ வெண்ணெய் உருகும்போது வரும் அந்தச் சுகம் வராது. பரிசு என்று ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அசல் சாக்லேட்டையே வாங்குங்கள், கூடுதல் காசுக்கும் கூடுதல் வேலைக்கும் அது தகும். முதல் முறை செய்கிறவர்கள் 55 முதல் 60 சதவீதம் கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட்டில் தொடங்கலாம். பால் சாக்லேட்டைவிடவும் வெள்ளைச் சாக்லேட்டைவிடவும் அது சொன்னபடி கேட்கும்.

வாங்கும்போதே இன்னும் இரண்டு விஷயம். மலாய் நண்பர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமியத் துறை) ஹலால் முத்திரை உள்ள சாக்லேட்டாக எடுங்கள், உள்ளே போடும் பொருள்களும் அப்படியே இருக்கட்டும். சைவம் மட்டும் சாப்பிடும் உறவினர்களுக்கு மார்ஷ்மெல்லோ போட்டதைக் கொடுக்காதீர்கள், பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும்.

எந்த நாளில், எந்த நேரத்தில்

தீபாவளிக்கு ஒன்றரை இரண்டு வாரம் முன்னால், முறுக்கு சுடத் தொடங்குவதற்கு முன்பே, சாக்லேட் வேலையை முடித்துவிட வேண்டும். இது வெறும் நேர வசதிக்காகச் சொல்வது இல்லை. கொக்கோ வெண்ணெய் சுற்றியுள்ள வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். எண்ணெய்ப் புகையும் பெருங்காய வாசமும் வீடு முழுக்க நிற்கும் நாளில் சாக்லேட்டைத் திறந்து வைத்தால் அந்த வாசம் அதில் ஏறிவிடும், பிறகு எதைச் செய்தாலும் போகாது.

நேரம் என்று கேட்டால் இரவு ஏழரை எட்டு மணிக்கு மேல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சாயங்காலம் இடியும் மழையுமாக இருக்கும், மழைக்குப் பிறகு காற்று குளிர்ந்தாலும் ஈரம் அதிகம். அதனால் சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்வதைவிட ஏர்கோன் உள்ள அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதுதான் நல்லது. ஏர்கோன் வெப்பத்தை மட்டும் இல்லை, காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. நம் சமையலறைகளில் ஏர்கோன் இருக்காது, பரவாயில்லை. உருக்குவதை மட்டும் சமையலறையில் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் படுக்கையறையிலோ கூடத்திலோ ஒரு மடக்கு மேசை போட்டுச் செய்யலாம். வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏர்கோனை 20, 21 டிகிரியில் ஓட விடுங்கள், அச்சு, கிண்ணம், கரண்டி எல்லாமே அந்த அறையில் கிடக்கட்டும்.

சாமான்களும் ஆளுக்கொரு வேலையும்

கட்டாயம் வேண்டியது டிஜிட்டல் தெர்மோமீட்டர், உள்ளே குத்தி அளக்கும் வகை. விலை அதிகமில்லை. கையால் தொட்டுப் பார்த்தோ உதட்டில் வைத்துப் பார்த்தோ பதம் கண்டுபிடிப்பவர்கள் உண்டு, நமக்கு முதலில் எண் வேண்டும். அப்புறம் ஒரு கண்ணாடிக் கிண்ணமோ எவர்சில்வர் கிண்ணமோ, சிலிக்கோன் கரண்டி ஒன்று, கிராம் காட்டும் தராசு. மரக் கரண்டி வேண்டாம், அது ஈரத்தையும் பழைய குழம்பு வாசத்தையும் பிடித்து வைத்திருக்கும். அச்சைப் பொறுத்தவரை, கெட்டியான பாலிகார்பனேட் அச்சில் வார்த்தால் கண்ணாடி போலப் பளபளப்பு வரும், சிலிக்கோன் அச்சில் எடுப்பது சுலபம் ஆனால் மேற்பரப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும். பரிசுக்குப் பாலிகார்பனேட் வாங்கச் சொல்வேன், அது பல வருடம் வரும். அச்சை முதல் நாளே கழுவி, முழுக்கக் காயவைத்து, பஞ்சால் ஒவ்வொரு குழியையும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். இந்தத் தேய்ப்பைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் பெரியவர்களைவிட அக்கறையாகச் செய்யும்.

குடும்பமாகச் செய்வதற்குச் சாக்லேட்டை விடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது, ஏனென்றால் பதம் பார்க்கும்போது உண்மையிலேயே நாலு கை வேண்டும். ஒருவர் கிளற, ஒருவர் தெர்மோமீட்டரைப் பார்த்துச் சத்தமாக எண் சொல்ல, ஒருவர் அச்சோடு தயாராக நிற்க, ஒருவர் மேலே தூவுவதற்கு முந்திரியோடு காத்திருக்க. எங்கள் வீட்டில் கடலை, முந்திரி வறுப்பது பாட்டி, அவர் மூக்கை மிஞ்சி எந்தக் கருவியும் இல்லை. எண் சொல்வது மூத்த பிள்ளை, "பாட்டி, 29 வந்திருச்சு!" என்று கத்துவதில்தான் அவனுக்குச் சந்தோஷமே. சின்னவர்களுக்குத் தூவுவதும் சுற்றுவதும். சூடான கிண்ணம், கொதிக்கும் தண்ணீர், ஊற்றுவது மூன்றும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

வயதான தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கொக்கோத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1980களில் மலேசியா உலகத்திலேயே அதிகம் கொக்கோ விளைவித்த நாடுகளில் ஒன்று. பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு ஊடே நிழலில் கொக்கோ வளர்த்தார்கள். பிறகு விலை விழுந்து, நோயும் பூச்சியும் வந்து, செம்பனை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொக்கோக் காயை உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பிய நினைவு நம் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே அச்சு துடைக்கட்டும்.

உள்ளே என்ன போடலாம்

இதைப் பதம் பார்ப்பதற்கு முன்பே முடித்து, ஆறவைத்து, அளந்து கிண்ணங்களில் வைத்துவிட வேண்டும், பதம் வந்த பிறகு முந்திரி நறுக்க நேரம் இருக்காது. அளவு சுலபம், 100 கிராம் சாக்லேட்டுக்கு 20 கிராம், மிஞ்சினால் 25. அதற்கு மேல் போட்டால் பார் உடையும்போது உதிரும்.

சட்டம் ஒன்றே ஒன்று. போடுவது எதுவாக இருந்தாலும் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும், முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே உருகிய சாக்லேட் சட்டென்று கட்டிதட்டிவிடும். புதுத் தேங்காய்த் துருவல், பழத் துண்டு, தேன், குலா மலாக்கா பாகு எதுவும் கூடாது. வெனிலா எசென்ஸ், சாதாரண கேக் கலர் இவற்றிலும் தண்ணீரோ ஆல்கஹாலோ இருக்கும், அவையும் கூடாது. கலர் வேண்டுமென்றால் சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய்க் கலர்தான்.

எங்களுக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். கறுப்புச் சாக்லேட்டில் வறுத்த முந்திரியும் கல் உப்பும். முந்திரியை ஓவனில் 150 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுக்கலாம், ஓவன் இல்லையென்றால் கனமான வாணலியில் சின்னத் தீயில், நெய் விடாமல். உப்பைக் கலக்காமல், ஊற்றி முடித்த பிறகு மேலே கொஞ்சமாகத் தூவ வேண்டும், அப்போதுதான் நாக்கில் தனியாகத் தெரியும்.

இரண்டாவது கடலை மிட்டாய். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ வாங்கியதை, அல்லது வீட்டில் செய்ததை, பட்டாணி அளவுக்கு உடைத்துப் பால் சாக்லேட்டில் கலந்தால் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் பிடிக்கும். மிட்டாயை வெளியே வைத்தால் பிசுபிசுத்துவிடும், அதனால் உடைத்ததும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, கலக்கும் நிமிடத்தில்தான் திறக்க வேண்டும். சாக்லேட் அதை முழுவதும் மூடிவிட்டால் பல நாள் மொறுமொறுப்பு போகாது.

மூன்றாவது அச்சு முறுக்கு, இதைத்தான் நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். டப்பாவின் அடியில் கிடக்கும் உடைந்த துண்டுகளே போதும். தேங்காய்ப் பால் வாசமும் அந்த மெல்லிய மொறுமொறுப்பும் 55 சதவீதக் கறுப்புச் சாக்லேட்டோடு சேரும்போது அப்படி ஒரு பொருத்தம், கடையில் எங்கேயும் கிடைக்காத ருசி. ஆனால் பொரித்த பண்டம் என்பதால் அதிலுள்ள எண்ணெய் மெதுவாகச் சாக்லேட்டுக்குள் ஊறி, பளபளப்பைக் கெடுக்கும். டிஷ்யூ தாளில் ஓர் இரவு பரப்பி வைத்துவிட்டுப் போடுங்கள், செய்த ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு வகையை மட்டும் கடைசியில் செய்வது நல்லது.

வெள்ளைச் சாக்லேட் வெறுமனே சாப்பிட்டால் திகட்டும். அதில் ஏலக்காய்த் தூள், வறுத்த பிஸ்தா, பொன்னிறமாக வறுத்த உலர்ந்த தேங்காய்த் துருவல் சேர்த்தால் அடையாளமே மாறிவிடும். 600 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி ஏலக்காய்த் தூள் போதும், சலித்துப் போடுங்கள், திப்பி தெரியக் கூடாது. கறுப்புச் சாக்லேட்டில் சுக்குத் தூளும் துளி மிளகும் போட்டது பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது. பிள்ளைகள் மைலோ போடச் சொல்வார்கள், போடலாம், ஆனால் கலக்கினால் நறநறக்கும், பாரின் பின்பக்கத்தில் தூவ விடுங்கள்.

பதம்

இனி முக்கியமான இடம். அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் பாட்டிக்கு இதைப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதும், இதுவும் பாகுப் பதம் மாதிரிதான், ஒரு டிகிரி தவறினால் பண்டமே வேறு.

கொக்கோ வெண்ணெய் இறுகும்போது ஆறு விதமான படிகங்களாக இறுக முடியும். அதில் ஐந்தாவது வகை மட்டும்தான் நமக்கு வேண்டியது. பளபளவென்று இருக்கும், உடைத்தால் டக்கென்று சத்தம் வரும், 34 டிகிரி வரை உருகாது, வாயின் சூட்டில் மட்டும் கரையும். அதற்குக் கீழ் உள்ள படிகங்கள் 28 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். குளிர் நாட்டில் பதம் தப்பிய சாக்லேட் பார்க்கத்தான் அசிங்கமாக இருக்கும், நம்ம ஊரிலோ அது மேசை மேல் வைத்த இடத்திலேயே கூழாகிவிடும். அதனால்தான் பதம் நமக்கு அழகுக்காக மட்டும் இல்லை. பதம் சரியாக இருந்தால் மட்டுமே நம் வெயிலில் அந்தப் பார் நிற்கும்.

ஒரு தடவைக்கு 600 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் குறைந்தால் சூடு சட்டென்று ஏறி இறங்கும், அதிகமானால் ஆற நேரமாகும். வில்லைகளாக இல்லாமல் கட்டியாக வாங்கியிருந்தால் பொடியாக நறுக்குங்கள். 400 கிராமைக் கிண்ணத்தில் போட்டு, 200 கிராமை ஏர்கோன் அறையில் தனியாக வைத்துவிடுங்கள். அந்த 200 கிராம்தான் விதை. கடையிலிருந்து வரும்போதே அதில் நல்ல படிகங்கள் இருக்கின்றன, அவை உருகிய சாக்லேட்டுக்குள் போய் மற்றதையும் தன்னைப் போல ஆக்கும். வெள்ளை படிந்த பழைய சாக்லேட்டை விதையாகப் போடாதீர்கள்.

ஒரு சட்டியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மேலே கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, கிண்ணம் சட்டியின் வாயைவிட அகலமாக இருந்தால் ஆவி உள்ளே வராது. மெதுவாகக் கிளறுங்கள். கறுப்புச் சாக்லேட் 45 முதல் 48 டிகிரி வரட்டும், பால் சாக்லேட்டும் வெள்ளையும் 43 போதும், அவற்றில் உள்ள பால் பொருள் 50ஐத் தாண்டினால் தீய்ந்து கட்டிதட்டும். மைக்ரோவேவில் செய்கிறவர்கள் பாதிச் சக்தியில் 30 விநாடி, கிளறல், பிறகு 15 விநாடி 15 விநாடியாக வையுங்கள். வடிவம் மாறாமலே உள்ளே வெந்துபோவது சாக்லேட்டின் குணம், அதனால் பார்வையை நம்பாமல் ஒவ்வொரு முறையும் கிளறிப் பாருங்கள்.

கிண்ணத்தை எடுத்ததும் முதல் வேலை அடியில் இருக்கும் ஈரத்தைத் துடைப்பது. இதை மறக்கவே கூடாது, ஊற்றும்போது அடியிலிருந்து ஒரு சொட்டு அச்சுக்குள் விழுந்தால் அந்தக் குழி போச்சு. ஏர்கோன் அறைக்குக் கொண்டுபோய், மடித்த துண்டின் மேல் வைத்து, விதையை மூன்று நாலு தடவையாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். அடியையும் ஓரத்தையும் வழித்துக் கிளற வேண்டும். கை வலிக்கும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். கறுப்பு 28 டிகிரிக்கும், பால் 27க்கும், வெள்ளை 26க்கும் இறங்க வேண்டும். இறங்கும்போது கெட்டியாகிக்கொண்டே வரும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது ஏற்றுவது. கறுப்பு 31 முதல் 32, பால் 29 முதல் 30, வெள்ளை 28 முதல் 29. இதற்குத் திரும்ப அடுப்புக்குப் போகாதீர்கள், முடி உலர்த்தும் கருவியை எடுத்து கிண்ணத்தின் பக்கவாட்டில் சில விநாடி காட்டிக் கிளறினால் ஒரு டிகிரி ஏறும். கறுப்பு 34ஐத் தாண்டிவிட்டால் நாம் வளர்த்த படிகங்கள் உருகிவிட்டன என்று அர்த்தம், திரும்ப 45லிருந்து தொடங்க வேண்டும். சாக்லேட் வீணாகாது, நேரம்தான் போகும்.

ஊற்றுவதற்கு முன் பரீட்சை. பேக்கிங் தாளின் ஒரு துண்டை முனை நனையச் சாக்லேட்டில் தொட்டு மேசை மேல் வையுங்கள். ஏர்கோன் அறையில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக, கையில் ஒட்டாமல் இறுகினால் பதம் வந்துவிட்டது. கோடு கோடாக, மங்கலாக இருந்தாலோ இன்னும் பிசுபிசுத்தாலோ இன்னும் கொஞ்சம் விதை போட்டுக் கிளறுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் அச்சில் ஊற்றாதீர்கள்.

வார்ப்பது

கலக்க வேண்டியதைக் கலந்து உடனே ஊற்றுங்கள். 600 கிராம் சாக்லேட்டும் 120 கிராம் முந்திரியும் சேர்ந்தால் 100 கிராம் அச்சில் ஏழு பார் வரும். அண்டை வீட்டாருக்கெல்லாம் கொடுக்க நினைத்தால் 50 கிராம் அச்சு நல்லது, 14 வரும். குழி நிறைந்ததும் அச்சை மேசையில் படபடவென்று தட்டுங்கள், காற்றுக் குமிழ் மேலே வந்து உடையும். பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், தட்டட்டும். பிறகு ஒரு தகட்டால் மேலே இழுத்து வழித்துச் சமப்படுத்துங்கள். தூவுவதெல்லாம் இந்த இரண்டு நிமிடத்துக்குள்.

சாக்லேட் இறுகும்போது தானாகவே கொஞ்சம் சூட்டை வெளியே விடும். குளிர் நாட்டில் அது காற்றில் போய்விடும், இங்கே அந்தச் சூடு தங்கிவிட்டால் நடுவில் பதம் கெட்டுத் திட்டு விழும். அதனால் ஓரம் மங்கத் தொடங்கியதும், ஊற்றிய பத்து நிமிடத்தில், அச்சை ஃப்ரிட்ஜில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மீன், பெலாச்சான், டுரியான் எதுவும் திறந்து கிடக்காத ஃப்ரிட்ஜாக இருக்க வேண்டும். மணிக்கணக்காக விட்டுவிடாதீர்கள். அச்சைத் திருப்பி அடியில் பார்த்தால் சாக்லேட் சுருங்கி அச்சிலிருந்து பிரிந்திருப்பது தெரியும், ஈரமாக ஒட்டியிருப்பது போல இருண்ட இடம் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். பிரிந்துவிட்டால், ஏர்கோன் அறையிலேயே ஒரு சுத்தமான துணியின் மேல் கவிழ்த்து லேசாகத் தட்டினால் போதும், விழுந்துவிடும். அச்சு இல்லாதவர்கள் தட்டில் பேக்கிங் தாள் விரித்து ஊற்றி, மேலே தூவி, இறுகியதும் ஒழுங்கில்லாத துண்டுகளாக உடைத்துக் கொடுக்கலாம், அதுவும் அழகுதான்.

ஏதாவது சரியாக வரவில்லை என்றால்

உருக்கும்போதே கரகரவென்று கட்டிதட்டினால் தண்ணீர் பட்டிருக்கிறது. அது இனி பாராக வராது. சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினால் வழவழப்பாகத் திரும்பிவிடும், பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கலாம், ரொட்டியில் தடவலாம்.

இறுகிய பாரில் சாம்பல் நிறக் கோடுகள் வந்தால், விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கி மறைந்தால் கொழுப்பு மேலே வந்திருக்கிறது, பதம் தப்பியது அல்லது சூட்டில் இருந்தது. சொரசொரப்பாக, மறையாமல் இருந்தால் சர்க்கரை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபோது வியர்த்து ஈரம் பட்டிருக்கிறது. இரண்டையும் சாப்பிடலாம், கெடுதல் இல்லை. முந்திரி, கடலை எதுவும் கலக்காத பார் என்றால் திரும்ப உருக்கிப் பதம் பார்க்கலாம்.

சுற்றுவது, வைப்பது, கொடுப்பது

கையுறை போட்டுக்கொண்டு சுற்றுங்கள், விரல் ரேகை பளபளப்பில் அப்படியே பதியும். முதலில் அலுமினியத் தாள், ஓரங்களை இறுக்கி மடித்து, அதன் மேல் காகித உறை. உறையில் பிள்ளைகள் கோலம் வரையட்டும், பெறுகிறவர் பெயரைத் தமிழில் எழுதட்டும். பின்பக்கம் செய்த தேதியும் உள்ளே இருப்பதும் கட்டாயம் எழுதுங்கள், குறிப்பாகக் கடலை, முந்திரி, பால். யாருக்கு எது ஒவ்வாது என்று நமக்குத் தெரியாது, அச்சு முறுக்கு என்று எழுதினால் முட்டை சேர்த்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். நாய் வளர்க்கும் வீட்டுக்குக் கொடுக்கும்போது எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், சாக்லேட்டில் உள்ள தியோபுரோமைன் நாய்க்கு விஷம்.

பகலிலும் 20 டிகிரியில் இருக்கும் அறை நம்மில் யாருக்கும் கிடையாது, அதனால் தீபாவளி வரை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். சுற்றிய பார்களைக் காற்றுப்புகாத டப்பாவில் அடுக்கி, டப்பாவை இன்னொரு பிளாஸ்டிக் பையில் கட்டி, கீழ்த் தட்டில் வையுங்கள். வெளியே எடுத்தால் உடனே திறக்காதீர்கள். மூடிய டப்பாவையே ஏர்கோன் அறையில் ஒரு மணி நேரம் விட்டு, உள்ளே இருக்கும் குளிர் போன பிறகு திறந்தால் ஈரம் பார் மேல் படியாது. கடலை, முந்திரி போட்டவற்றை ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது, எதுவும் கலக்காத கறுப்பு மாதக்கணக்கில் தாங்கும்.

கொண்டுபோய்க் கொடுப்பது காலையிலோ இரவிலோ. வெயிலில் நிறுத்திய காருக்குள் பதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாக்லேட் தாங்காது, பத்துமலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு அப்படியே சின்னம்மா வீட்டுக்குப் போகலாம் என்று காரில் விட்டுப் போகாதீர்கள். உறைய வைக்கும் ஜெல் கட்டியோடு ஒரு குளிர் பை போதும், ஜெல் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள், பாரை நேராகத் தொடக் கூடாது. பினாங்கில் இருக்கும் அத்தைக்கும் ஜொகூரில் இருக்கும் மாமாவுக்கும் தபாலில் அனுப்புவதை விட, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள், அல்லது திறந்த இல்லத்துக்கு அவர்கள் வரும்போது புறப்படுகிற நேரத்தில் எடுத்துக் கொடுங்கள். முன்கூட்டியே எடுத்து வாசல் மேசையில் அடுக்கி வைக்க வேண்டாம்.

கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கழுவிவிடாதீர்கள். பேக்கிங் தாளில் மெல்லியதாகத் தடவி இறுக வைத்து, டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த 600 கிராமுக்கு அதுவே விதை. பாலிகார்பனேட் அச்சை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை, பஞ்சால் துடைத்தால் போதும், உள்ளே தங்கும் மெல்லிய கொக்கோ வெண்ணெய்ப் படலம் அடுத்த பாரின் பளபளப்பைக் கூட்டும். முந்திரிப் பார் முடித்து வெள்ளைச் சாக்லேட்டுக்கு மாறும்போது மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஓர் இரவு காயவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.